வந்திருக்கிறது யாரு

ஒரு வார்த்தையைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிற ஆளை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. ஹெட்போன் வயர் இழுபடும். காலால் மிதித்து ஆடியோவை நிறுத்துகிற பெடல் கவிழ்ந்துபோகும். இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்து மெதுவாகக் கேட்பார்.

"வந்திருக்கிறது யாரு?"

வந்திருப்பது ஒரு அமெரிக்க டாக்டரின் குரல்தான். நோயாளிக்கு என்ன செய்கிறது, என்ன மருந்து கொடுத்தேன் என்று அவர் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். மெஷின் அதை ஒரு தடவை தப்பும் தவறுமாக எழுதி வைத்திருக்கும். அதைக் கேட்டுக் கேட்டுத் திருத்துவது எங்கள் வேலை. நூறடி ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஆபீஸ். எனக்கு அது முதல் வேலை. அப்படி எழுந்துவிடுகிறவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்குக் கிடைத்தது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எல்லோருக்கும் அக்கா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். ஊர் வீராம்பட்டினம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவர். இங்கிலீஷ் வார்த்தை என்றால் எனக்கு ஒரே கவலைதான், எழுத்துப் பிழை வரக்கூடாது. அது சரியாக இருந்தால் போதும், உள்ளே யார் இருந்தால் எனக்கென்ன என்று இருந்தவன். அக்காவுக்கு அது போதவில்லை.

"தம்பி, ஹைஜீன்னு எழுதறோமே, அவ ஒரு பொண்ணு பா" என்றார் ஒரு நாள் டீ நேரத்தில். "கிரேக்க நாட்டு சாமி. அப்பா வைத்தியரு. அவ கையில ஒரு கிண்ணம், அதுல பாம்புக்கு ஊட்டுறா."

"நம்ம புத்துக்குப் பால் ஊத்துற மாதிரியாக்கா?"

"அதே மாதிரிதான். இங்க பாரு, அவளக் கொண்டாந்து எங்க நிக்க வெச்சிருக்கானுங்க."

எங்கள் ஆபீஸ் கழிவறைக் கதவில் 'ஹைஜீன்' என்று கொட்டை எழுத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு யாரோ நிற்பதுபோலக் கூச்சமாக இருந்தது.

வேலை செய்யும் இடத்துக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. வெளியே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் காலையில் ஒரு வார்த்தை பிடித்துக்கொண்டால், டீ நேரம் வரை அதை வாயில் மிட்டாய்போல அடக்கிக்கொண்டு அலைவார் அக்கா. தண்ணீர் கேனுக்குப் போவார், வருவார், ஜன்னலுக்குப் போவார். பெல் அடித்ததும் முதல் ஆளாக ஓடி, படிக்கட்டில் உட்கார்ந்து போனில் தேடுவார். கிடைத்துவிட்டால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கிடைக்காவிட்டால் அந்த வார்த்தைக்கு 'அனாதை' என்று பெயர் வைத்துவிடுவார். ஃபீவர் அனாதை. காஃப் அனாதை. "பாவம், சொல்லிக்க ஒரு நாதி இல்ல" என்பார் நிஜமாகவே வருத்தப்பட்டு.

டீம் லீடர் தலையில் அடித்துக்கொள்வார். "இன்னாம்மா, டாக்டரு அங்க இருமுறாரு, நீ இங்க அதுக்கு ஜாதகம் எழுதிக்கினு இருக்க? ஃபைலை முடிம்மா."

"முடிக்கிறேன் சார். உங்க டீம் லீடர்ங்கற பேருல யாரு இருக்கான்னு பாத்தேன். ஒருத்தரும் இல்ல."

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆனாலும் அக்காவின் ஃபைல்கள் தாமதமாகத்தான் போயின.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அவரே ஒரு தடவை சொன்னார். அதற்கு முன்பு, எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்காவின் கணவர் பிரான்சில் இருந்தார். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர் என்பதால் அந்த வீட்டுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. பிரான்ஸ் மாப்பிள்ளை என்று சொல்லி மூலக்குளத்தில் இருந்து அக்காவைக் குருசுக்குப்பத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து லீவு தீர்ந்ததும் அவர் போய்விட்டார். விசாவுக்கான பேப்பர் வந்ததும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனவர்தான். வருஷங்கள் ஓடின. அக்கா மாமியாரோடு இருந்தார். பேப்பர் வருமா, அந்த மனுஷன் கூப்பிடுவாரா என்ற கேள்வி, எங்கள் ஆபீஸ் ஏசி சத்தம்போல எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

"பெரிய மார்க்கெட்ல கத்திரிக்காய் பொறுக்கிக்கினு இருந்தேன் தம்பி. திடீர்னு மூச்சு நின்னுபோச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஓடணும்னு இருக்குது, எங்க ஓடறதுன்னு தெரியல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க. எல்லாம் டெஸ்ட் எடுத்துட்டு அந்த டாக்டர் பொண்ணு சொல்லிச்சு, ஒண்ணுமில்லம்மா, பேனிக்னு."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லன்னா எப்படி? நான் செத்துப் பொழச்சேன், ஒண்ணுமில்லயாமே. அந்த வார்த்தையைத் தேடிப் பாத்தேன். உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான் பா. 'பான்'னு பேரு. கீழ ஆட்டுக் காலு, தலையில கொம்பு. காட்டுல யாரும் இல்லாத எடத்துல ஒளிஞ்சிக்கினு ஒரு கத்து கத்துவானாம். ஆடுங்க, மனுசங்க எல்லாம் எதுக்குன்னே தெரியாம தெறிச்சு ஓடுமாம். படிச்சதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"பயமா இல்லையா?"

"எதுக்கு? நான் பைத்தியம் இல்ல. யாரோ கத்திட்டுப் போயிட்டான், அவ்ளோதான்."

அன்றிலிருந்து எந்த வார்த்தையையும் அவரால் சும்மா தாண்ட முடியவில்லை. 'வந்திருக்கிறது யாரு' என்ற கேள்வி சேர்ந்தது எங்கள் ஊரில்தான். ஆடி வெள்ளித் தேருக்கு ஆபீஸ் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. தலைமுடி அவிழ்ந்து ஆடியவளைப் பிடித்து நிறுத்தி, பூசாரி குனிந்து காதருகில் கேட்டார். "வந்திருக்கிறது யாரு? சொல்லு. பேரைச் சொல்லு." அவள் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். பக்கத்தில் நின்ற என் அம்மாவின் கையை அக்கா இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அந்தப் பெண் ஒரு பெயரை முனகினாள். எங்களுக்குக் கேட்கவில்லை. பூசாரிக்குக் கேட்டிருக்க வேண்டும், நெற்றியில் விபூதி வைத்தார். அவள் துணி நழுவுவதுபோல அப்படியே உட்கார்ந்தாள்.

திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அக்கா கேட்டார், "பேரு தெரிஞ்சிட்டா எறங்கிடும், இல்ல தம்பி?"

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தலையாட்டி வைத்தேன்.

கெட்டுப்போனது நான்தான். எனக்கும் அந்தச் சொறி ஒட்டிக்கொண்டது. தெருவில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் நிம்மதியாகக் காதைப் பொத்திக்கொண்டிருந்தவனுக்கு, சைரன் என்பது பாறைமேல் உட்கார்ந்து பாடிப் படகுகளை இழுத்து உடைக்கிற பெண்கள் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் போய் அப்பாவிடம் மும்முரமாக விளக்கினேன். அவர் வலையில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், "எங்க எஞ்சின் போடுற சத்தத்துல எவ பாடுனாலும் கேக்காது போ."

காலையில் நோயாளி சாப்பிட்டது 'சீரியல்' என்று ஒரு ஃபைலில் வந்தது. அக்கா எழுந்தார். டீ நேரத்தில் கதையோடு வந்தார். தானியத்துக்கு ஒரு தாய்ச்சாமி, அவள் பெயரில் இருந்து வந்த வார்த்தை. அவள் பெண்ணைப் பாதாளத்து ராஜா மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டான். தாய் ஊர் ஊராகத் தேடி அலைந்தாள். அவள் அலைந்தவரை பூமியில் ஒரு பயிரும் முளைக்கவில்லை.

"அக்கா, இது நெஜமாவே டிவி சீரியல்தான்" என்றான் எதிர் வரிசைப் பையன். "எத்தினி எபிசோடு?"

எல்லோரும் சிரித்தோம். அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு, மூலக்குளத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "இன்னாம்மா பண்ற?" என்று கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. அதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மாமியாரோடு அவருக்குச் சண்டை எதுவும் கிடையாது, அதிகம் பேச்சும் கிடையாது. அந்த அம்மா கன்னியர் பள்ளியில் படித்தவர். கிழமைகளைப் பிரெஞ்சில்தான் சொல்வார். ஒரு நாள், "மெர்க்ரெதி அன்னிக்கு டாக்டர்கிட்ட போவணும்" என்றிருக்கிறார். மறுநாள் அக்கா ஆபீசுக்குள் மூச்சிரைக்க வந்தார்.

"மெர்க்ரெதின்னா இன்னா தெரியுமா? மெர்க்குரி. நம்ம புதன்! மர்தி செவ்வாய், ஜெதி வியாழன், வாந்த்ரெதி வெள்ளி. ஒவ்வொருத்தனும் அவன் அவன் எடத்துல கரெக்டா உக்காந்திருக்கான். கடலுக்கு அந்தாண்ட இருக்கறவனும் நம்மளும் ஒரே வரிசைல எண்ணியிருக்கோம் பா. இந்த இங்கிலீஷ்காரன்தான் நடுவுல வேற ஊரு சாமிங்கள உள்ள நுழைச்சிட்டான்."

"அப்ப பிரெஞ்சு உங்களுக்கு ஈஸிக்கா. போனதும் பேசிடலாம்" என்றேன் நான், நல்லது சொல்வதாக நினைத்து.

அவர் முகம் சட்டென்று சுருங்கியது. "போனதும்" என்றார். எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார்.

கழுத்தின் முதல் எலும்புக்கு அட்லஸ் என்று பெயர். அந்தப் பெயருக்குள் இருப்பவன் வானத்தைத் தோளில் தாங்கும்படி தண்டனை பெற்றவன். அந்தக் கதையைச் சொன்னபோது மட்டும் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளுகூட அவன் எறக்கி வெச்சதில்லயாமே. எறக்கி வெச்சாதான் இன்னா ஆயிடும்?" வானம் இடிந்து விழும் என்றான் எதிர் வரிசைப் பையன். "வுழுமா? எவன் பாத்தான்?" என்றார் அக்கா.

எக்கோ விஷயம் நடந்தது இதற்கெல்லாம் பிறகு.

இதய நோயாளிகளின் ஃபைலில் எக்கோ என்ற இதய ஸ்கேன் வராத நாளே கிடையாது. ஊரில் எல்லோரும் எக்கோ எடுத்தேன், எக்கோ பார்த்தேன் என்கிறார்களே, அதனாலோ என்னவோ, அக்காவே அதை ஒரு தடவையும் நிறுத்திக் கேட்டதில்லை. மாமியாருக்குப் படபடப்பு வந்து டாக்டர் எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார். அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, பொழுது போகாமல் அக்கா அந்த வார்த்தையைப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் டீ நேரத்தில் அவர் நடக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தே சொன்னார்.

"எக்கோன்னு ஒரு பொண்ணு. வாய் ஓயாம பேசுவா. ஒரு பெரிய சாமிக்குக் கோவம் வந்து சாபம் குடுத்துடுச்சு. இனிமே அவளா ஒரு பேச்சை ஆரம்பிக்க முடியாது. அடுத்தவங்க பேசுனா, அந்தப் பேச்சோட வாலை மட்டும் திருப்பிச் சொல்லலாம். அவ போயி ஒருத்தன் மேல ஆசை வெச்சா. அவன் தண்ணியில தன் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கறவன். இவ தேஞ்சு தேஞ்சு, ஒடம்பு போயி, கொரலு மட்டும் மலையில நின்னுடுச்சு."

"பாவம்க்கா அந்தப் பொண்ணு."

"நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். நாமதான் அந்தப் பொண்ணுன்னு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் பெஞ்சுல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். எங்க வீட்ல வாலைத் திருப்பிச் சொல்றது யாரு?"

எங்களுக்கு உடனே புரிந்தது. நாள் முழுதும் ஹெட்போன் மாட்டிய காது வலிக்கும் என்று அக்கா எப்போதும் கணவரிடம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அந்தப் படிக்கட்டில் டீ குடிக்கிற எல்லோருக்கும் அந்த உரையாடல் மனப்பாடம்.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன், சாப்ட்டேன்."

"அங்க ரொம்பக் குளுரா?"

"குளுருதான்."

"பேப்பரு ஏதாச்சும் வந்துச்சா?"

"வரும், வரும்."

"அத்தைக்கு ராத்திரி போன் பண்றீங்களா?"

"பண்றேன்."

அவ்வளவுதான். அவராக ஒரு சொல் எடுத்து வைத்ததில்லை. போன் போடுவதும் எப்போதும் அக்காதான்.

"நான் இனிமே போடப் போறதில்ல" என்றார் அக்கா. "அவரா ஆரம்பிக்கட்டும். அவருக்குச் சொல்ல ஏதாச்சும் இருந்தா சொல்லட்டும். ஒண்ணும் இல்லன்னா, இல்லன்னாவது தெரிஞ்சிக்கறேன்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எங்கள் யாருக்கும் நல்ல நாட்களாக இல்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் அக்கா லாக்கரைத் திறப்பார். போனைப் பார்ப்பார். மூடுவார். அந்தத் தகரக் கதவின் சத்தம் உள்ளே எங்கள் நாற்காலி வரை கேட்கும். நான் எழுதிய ஃபைல்களில் பிழை கூடியது. எதிர் வரிசைப் பையன் ஜோக் சொல்வதை விட்டுவிட்டான். சத்தம் வராதபோது எல்லாத் தலைகளும் திரும்பிப் பார்த்தன. ஒரு மதியம் டீம் லீடரே வந்து, "இன்னொரு தபா போய்ப் பாத்துட்டு வந்துடும்மா. நீ பாக்குற வரைக்கும் எனக்கு இங்க ஒரு ஃபைலும் நகராது" என்றார்.

போன் வந்தது ஒரு டீ நேரத்தில். அக்கா கையில் இருக்கும்போதே அடித்தது. படிக்கட்டில் எல்லோரும் அப்படி அப்படியே நின்றோம். அவர் பச்சையை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, பேசாமல் பிடித்துக்கொண்டார்.

"ஹலோ?"

அக்கா வாய் திறக்கவில்லை.

"ஹலோ... இன்னா, போனே காணோம்? ஹலோ? கேக்குதா?"

எங்களைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தார். அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த மனுஷன் தானாக, முதன்முறையாக, ஒரு முழுப் பேச்சைப் பேசினார்.

"அம்மாவுக்கு மாத்திரை தீந்திருக்குமே, வாங்கிட்டியா?"

அக்கா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், முன்பின் தெரியாத பொருளைப் பார்ப்பதுபோல.

"கேக்குது" என்றார். "இப்பதான் நல்லாக் கேக்குது."

வைத்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். இல்லை. உள்ளே போய், பாக்கி இருந்த ஃபைல்களை மளமளவென்று முடித்தார். சாயந்திரம் கிளம்பும்போது, "மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு நான் மூலக்குளத்துக்குப் போயிடப் போறேன் தம்பி. அந்தம்மா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா மாத்திரை வாங்கறதுக்காக ஒரு பொண்டாட்டியா?" என்றார். "பாத்துப் போங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்க எல்லோருக்கும் ஆசை, யாருக்கும் தைரியம் இல்லை. அவரே ஆரம்பித்தார்.

"நான் போறேன் அத்தைன்னு சொன்னேன் பா. ஏன்னு கேட்டாங்க. உங்க புள்ள எங்கிட்ட தானா ஒரு வார்த்தை பேசறதில்ல, எத்தினி வருசம் நான் ஒருத்தியே பேசறதுன்னு கேட்டேன். கத்துவாங்கன்னு பாத்தேன். கத்தல. எங்கிட்ட மட்டும் அவன் தானா பேசறான்னு நெனச்சியான்னு கேட்டாங்க."

"ஐயோ."

"அப்புறம் உள்ள போயி பையை எடுத்தாந்தாங்க. இரு, நானும் வரேன், உங்கம்மா வீட்ல ரெண்டு நாளு இருந்துட்டு வரேன்னு வண்டியில ஏறிக் குந்திக்கினாங்க. நான் இன்னா பண்ணட்டும்? கூட்டினு போயிட்டேன்."

அந்த ரெண்டு நாள் முடியவே இல்லை. குருசுக்குப்பத்து வீட்டைப் பூட்டிவிட்டு அந்த அம்மா மூலக்குளத்திலேயே இருந்துவிட்டார். அக்கா இருப்புக்கொள்ளாமல் வந்துபோய்க்கொண்டிருந்தார். முன்பாவது வார்த்தைக்குத்தான் எழுவார், இப்போது காரணமில்லாமலே எழுந்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன்.

"அவரு போன் பண்றாராக்கா?"

"தெனமும் பண்றாரு."

"எடுக்குறீங்களா?"

"அத்தை எடுக்கறாங்க. எடுத்து ஸ்பீக்கரைப் போட்டு மடியில வெச்சிக்கினு ஒண்ணும் பேசமாட்டாங்க. நானும் எங்கம்மாவும் பக்கத்துல உக்காந்திருப்போம். முதல் நாளு ஹலோ ஹலோன்னு கத்திட்டு வெச்சிட்டாரு. ரெண்டாம் நாளும் அப்படித்தான். நேத்து கத்தல. லைன் கட் ஆவலன்னு தெரிஞ்சிக்கினு பேச ஆரம்பிச்சிட்டாரு."

"இன்னா பேசுனாரு?"

அக்கா டீ கிளாஸைப் படியில் வைத்தார்.

"வீடே இல்லயாம் தம்பி. ஒரு ரூமுல மூணு பேரு படுக்கறாங்களாம். வேலையும் நெரந்தரம் இல்லயாம், ஒரு எடத்துல ஆறு மாசம் நின்னா பெருசாம். வீடு புடிச்சிட்டுப் பேப்பர் போடலாம்னு இருந்தாராம். இன்னும் போடவே இல்லயாம். எல்லாத்துக்கும் வரும், வரும்னு சொல்லிச் சொல்லி, அப்புறம் அதை எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியாமப் போச்சாம்."

இத்தனை வருஷம். நான் படியை விட்டு எழுந்துவிட்டேன். "போடவே இல்லயா? உங்களுக்குக் கோவம் வரலையாக்கா? நல்லா நாலு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"வந்துச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. அத்தை என் கையப் புடிச்சு அழுத்திட்டாங்க."

"ஏன்?"

மேலே பெல் அடித்தது. அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நடுவுல நான் பேசிட்டா, அவரு நிறுத்திடுவாரு இல்ல?"